மழைக்குப் பத்தொன்பது

எங்கள் வானிலை அலுவலகம் மழை வரும் என்று அறிவித்தால் என் மனைவி துணி துவைக்க உட்காருவாள். அறிவிப்பு வெளிவருகிறது என்றால் அந்த மழை பெய்து ஓய்ந்து குறைந்தது ஒரு நாளாவது ஆகியிருக்கும் என்பது அவள் அனுபவம். ஏழு வருடத்தில் அவள் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

"உங்க ஆபீஸ்ல மழைன்னு சொல்லிட்டாங்களா? அப்ப போர்வையையும் நனைச்சுப் போட்டுடறேன்" என்பாள்.

நான் அந்த அலுவலகத்தில் கணினி உதவியாளர், இரண்டாம் நிலை. முதல் நிலை உதவியாளர் என்று ஒருவரும் கிடையாது. அந்த இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்துக்குக் கீழேதான் நான் வேலை பார்க்கிறேன்.

மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் வீடு இருப்பது ஊரிலேயே பள்ளமான தெருவில், அந்தத் தெருவிலேயே பள்ளமான இடத்தில். தெருக்கோடியில் ஒரு வடிகால் கதவு உண்டு. மழைக்கு முன்னால் அதைத் திறந்துவைத்தால் தண்ணீர் தன்பாட்டுக்கு ஆற்றுக்குப் போய்விடும். திறக்காவிட்டால் எங்கள் முன்னறைக்கு வரும். கதவுக்காரர் நேர்மையான மனிதர். எங்கள் இயக்குநரின் கையெழுத்துப் போட்ட எச்சரிக்கை வந்தால்தான் திறப்பார். எச்சரிக்கை மறுநாள் வரும். அவரும் மறுநாள், சுள்ளென்ற வெயிலில் சீருடை மாட்டிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, திறந்த நேரத்தை நோட்டில் எழுதிவிட்டுப் போவார்.

என் மனைவி நாடக உடை தைப்பவள். முன்னறைதான் அவள் தையற்கூடம். இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடிகிற இரும்புத் தையல் மெஷின் ஒன்று அங்கே தரையில் நிற்கிறது. போன மாத மழையில் அந்த அறையில் பன்னிரண்டு கரடிகள் மிதந்தன. காய்ந்த பிறகு பாதி அளவுக்குச் சுருங்கிவிட்டன. நாடகத்தில் அவற்றை எலிகள் என்று சொல்லி எப்படியோ சமாளித்தார்கள்.

இந்த மாதம் நாற்பது முயல்கள். வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தின் மேடையில் ஏற வேண்டும்.

"முயல் நனைஞ்சா எலியாகக்கூட ஆகாதுங்க" என்றாள், ஒரு முயலின் காதுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டே. "இதுவும் போச்சுன்னா இனிமே ஒருத்தரும் எனக்கு வேலை குடுக்க மாட்டாங்க. உங்க கம்ப்யூட்டரை ஏதாவது பண்ணுங்க."

கம்ப்யூட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல கம்ப்யூட்டர். ஆனால் ஒன்றுதான் இருக்கிறது, செய்ய வேண்டிய வேலைகளோ நிறைய. முப்பது பேருக்கு ஒரே ஒரு முடிதிருத்துபவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் தலையில் நாலு வெட்டு, அவர் தலையில் நாலு வெட்டு என்று ஓடி ஓடி வெட்டுகிறார். அடுத்து யார் தலை, அதில் எத்தனை வெட்டு என்று பார்த்துச் சொல்ல உள்ளே ஒரு நிரல் இருக்கிறது. ஷெட்யூலர் என்பார்கள். நாம் அதற்கு ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாத் தலையும் சமம் என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் அலுவலகத்தில் அப்படி நினைத்த ஒரே ஜீவன் அதுதான்.

மழைக் கணக்கு தனியாக ஓடினால் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதோடு வரவேற்பறைத் திரையில் நகரும் மேகங்களுக்கு நடுவே இயக்குநரின் படம் ஓட வேண்டும். விழாப் பிரிவு பழைய படங்களில் இயக்குநரின் தலையில் முடி சேர்க்கும் வேலையை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தது. கைரேகை வருகைப் பதிவு, இயக்குநர் பொத்தானை அழுத்திப் போடும் மின்கையெழுத்து, வாழ்த்து மடல்கள், துணை இயக்குநரின் மகள் கல்யாண வீடியோ என்று எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. ஆறு மணி நேரக் கணக்குக்கு முப்பது மணி நேரம் ஆனது. அதற்குள் மழை பொறுமை இழந்து பெய்துவிட்டது.

திருத்துவது பெரிய காரியம் இல்லை. நீளமான வேலைக்கு நீளமான முறை, சின்ன வேலைக்குச் சட்டென்று ஒரு முறை என்று ஷெட்யூலரில் இரண்டே வரி மாற்ற வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை நிர்வாகப் பிரிவும் மறுபாதியை விழாப் பிரிவும் வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு வரி மாற்ற அனுமதி கேட்டு இரண்டு வரியில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் பதினேழு பேர் கொண்ட முன்னுரிமை நிர்ணயக் குழு கூடியது.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முன்னுரிமைங்கிறது மரியாதை சம்பந்தப்பட்டது. மரியாதைங்கிறது பதவி சம்பந்தப்பட்டது. இங்க பெரிய பதவி என்னோடது. அதனால இதை நானே முடிவு பண்ணாத்தான் பாரபட்சம் இல்லாம இருக்கும்."

பதினாறு பேரும் தலையாட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள்.

"மழைக் கணக்கு நீளமான வேலைங்க ஐயா. நடுவுல யாரும் குறுக்க வராம ஓட விடணும். உங்க கையெழுத்து மாதிரி சின்ன வேலையெல்லாம் கண் சிமிட்டுற நேரம்தான். வந்த உடனே..."

"இயக்குநர் கையெழுத்து சின்ன வேலையா?" என்றார் துணை இயக்குநர்.

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு எண்களுக்கு வந்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுக்கலாம். மைனஸ் இருபதில் தொடங்கிப் பத்தொன்பது வரை போகும் என்றேன்.

"நூறு கிடையாதா?" என்றார் இயக்குநர்.

"பத்தொன்பதுதாங்க ஐயா உச்சம்."

"வேற எந்த ஆபீஸ்லயாவது யாருக்காவது இருபது குடுத்திருக்காங்களா? விசாரிச்சீங்களா?"

"எங்கயும் கிடையாதுங்க."

"அப்ப எனக்குப் பத்தொன்பது."

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் சின்ன எண்ணுக்குத்தான் முதலிடம் என்று வைத்திருக்கிறார்கள். எண் பெரிதாக ஆக, அந்த வேலை மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். பத்தொன்பது என்றால் கடைசி வரிசையில், சுவரோரம்.

"ஐயா, ஒரு விஷயம். அதுக்குப் பேரே பணிவு எண்ணுங்க. பெருசாக ஆக பணிவு ஜாஸ்தி..."

"பணிவா?" இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பணிவுலயும் என்னை யாரும் மிஞ்சக் கூடாது. பத்தொன்பதே போடுங்க."

துணை இயக்குநருக்குப் பதினெட்டு, உதவி இயக்குநர்களுக்குப் பதினேழு என்று பணிமூப்புப்படி பங்கு போய்க்கொண்டே வந்தது. பதினான்கா பதின்மூன்றா என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை வந்து, பதின்மூன்று வாங்கியவர் கண் கலங்கினார். துப்புரவுப் பெண்மணியின் கைரேகைப் பதிவுக்கு மைனஸ் பத்து. கடைசியில் மழை வந்தது.

"மழைக்கு என்ன பதவி?"

"பதவி எதுவும் இல்லீங்க."

"நிரந்தரமா, தற்காலிகமா?"

"பருவத்துக்கு மட்டும் வருங்க" என்றார் மேகப் பிரிவின் அதிகாரி. அந்த அம்மாவை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவோம்.

"தற்காலிகம்தானே. மைனஸ் இருபது போடுங்க."

மேகம் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறந்தேன். பிறகு யோசித்து மூடிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் நானாக விரும்பி வாயை மூடியது அன்றுதான்.

நிர்வாகப் பிரிவின் அதிகாரி கடவுச்சொல்லின் முதல் பாதியைத் தட்டும்போது விழாப் பிரிவின் அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவர் தட்ட, அவர் சுவரைப் பார்த்தார். இரண்டாவது தடவையில் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலை துப்புரவுப் பெண்மணி கருவியில் விரல் வைத்தார். வழக்கமாகக் கால் மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். நின்றபடி முந்தின நாள் கதையெல்லாம் எங்களுக்குச் சொல்லி முடிப்பார். அன்றைக்கு விரல் வைத்தவுடன் வருகை பதிந்துவிட்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து என்னிடம் ஓடி வந்தார்.

வரவேற்பறைத் திரையில் இயக்குநரின் படம் மேலிருந்து கீழாக வரையத் தொடங்கி, நெற்றியோடு நின்றுவிட்டது. நாள் முழுக்க நெற்றி மட்டும்தான். உள்ளே வந்தவர்கள் அந்த நெற்றிக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். இயக்குநரும் பார்த்தார்.

"பெரியவங்க வேலைன்னா மெதுவாத்தான் நடக்கும்" என்றார். "நிதானம் தெரியுது பாருங்க."

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேகம் கையில் ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கணக்கு முடிஞ்சிடுச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணி நேரம் கனமழைன்னு சொல்லுது."

"எந்த சாயங்காலம்?"

"இன்னைக்கு." தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபது வருஷமா மழைக் கணக்கு பாக்கறேன். வரப்போற மழையை நான் பாத்ததே இல்ல. இதை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியலை."

எச்சரிக்கையாக எழுதி அனுப்பலாம் என்றேன். இரண்டு பேரும் எழுதினோம். இதுவரை எல்லாம் இறந்தகாலத்திலேயே எழுதிப் பழகிவிட்டதால் "பெய்யும்" என்று எழுத மேகத்துக்குக் கை வரவில்லை. நான்தான் எழுதினேன். இயக்குநரின் கையெழுத்துக்கு அனுப்பினோம்.

கையெழுத்து வரவில்லை.

இயக்குநர் எங்களை அலட்சியம் செய்யவில்லை. ஒன்பதே காலுக்கே பொத்தானை அழுத்திவிட்டார். ஆனால் அந்தக் கையெழுத்து அவருடைய வேலை, பத்தொன்பது வாங்கிய வேலை. இன்றைய மழைக் கணக்கு முடிந்த கையோடு நாளைய மழைக் கணக்கு தொடங்கியிருந்தது. கையெழுத்து ஒவ்வொரு தடவையும் மழைக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அவர் திரையில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கதவுக்காரருக்குப் போன் செய்தேன்.

"மழை வருதுன்னு எனக்கும் தெரியுது சார், மேலே பாத்தாலே தெரியுதே" என்றார். "கையெழுத்து வரட்டும், அடுத்த நிமிஷம் திறக்கறேன். இல்லாம திறந்தா வேலை போயிடும்."

மனைவிக்கும் போன் செய்தேன். "இன்னைக்கு மழைன்னு எங்க ஆபீஸ்ல சொல்லியாச்சு" என்றேன். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று வைத்துவிட்டாள்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். சின்ன எண்தான் ஒசத்தி என்று உண்மையைச் சொல்லிவிட்டால் கையெழுத்து வந்துவிடும். ஆனால் அரை மணி நேரத்தில் பதினேழு பேரும் மைனஸ் இருபது கேட்பார்கள். மழை மறுபடியும் சுவரோரம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்றைக்கே நாற்பது முயல்களும் என் முன்னறையில் நீந்தும். கடைசியில் எழுந்து இயக்குநர் அறைக்குப் போனேன்.

"ஐயா, வெளியில ஒரு பேச்சு. பெரிய எண்ணையெல்லாம் பெரியவங்களே எடுத்துக்கிட்டாங்கன்னு."

"யாரு பேசறது?"

"பேர் தெரியலைங்க. ஆனா நீங்க மக்களுக்காக அந்தப் பத்தொன்பதை விட்டுக் குடுத்துட்டு, நீங்களா மைனஸ் பத்தொன்பதுக்கு இறங்கி வந்தீங்கன்னா, அப்படி ஒரு தியாகத்தை இந்த ஆபீஸ் பாத்ததே இல்லைன்னு..."

இயக்குநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வானம் இருண்டிருந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"போட்டோகிராபர் இருக்காரா?" என்றார்.

இறங்குவதற்காக மேடை போட்டார்கள். ஏறினால்தானே இறங்க முடியும். அந்த மேடைக்கு நாலு நாற்காலியா ஐந்து நாற்காலியா என்று முடிவாகவே மணி இரண்டு ஆகிவிட்டது. நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தேன். வெளியே காற்று குளிர்ந்து வந்தது.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "நான் எதையுமே எனக்காகச் செய்தவனில்லை. இந்தத் தியாகத்தைக்கூட மூன்று கோணத்தில் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், வருங்காலத் தலைமுறை பார்க்க வேண்டும் என்பதற்காக. இன்று முதல் நான் மைனஸ் பத்தொன்பது."

கைதட்டல் ஓய்வதற்குள் துணை இயக்குநர் துள்ளி எழுந்தார். "நானும் இறங்கறேன். மைனஸ் இருபதுக்கே இறங்கறேன்."

"அது எப்படி?" என்றார் நிர்வாகப் பிரிவின் அதிகாரி. "இயக்குநரை விட ஒரு படி அதிகமா தியாகம் பண்றது ஒழுங்கீனம்."

விதிப் புத்தகம் கொண்டுவரப்பட்டது. தியாகத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. விடுப்பு பற்றிய விதியைத் தியாகத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அதன்படி துணை இயக்குநருக்கு மைனஸ் பதினெட்டு, உதவி இயக்குநர்களுக்கு மைனஸ் பதினேழு என்று மறுபடியும் முதலிலிருந்து பங்கு போனது. மைனஸ் பதின்மூன்று கிடைத்தவர் மறுபடியும் கண் கலங்கினார். மழையும் மைனஸ் இருபதிலேயே இருக்கட்டும், அது ஏற்கெனவே தாழ்ந்ததுதானே என்று விட்டுவிட்டார்கள்.

மணி மூன்றே முக்கால். ஒருவர் சுவரைப் பார்க்க ஒருவர் கடவுச்சொல்லைத் தட்டினார். எண் மாறியது. இரண்டு நிமிடத்தில் இயக்குநரின் கையெழுத்து எச்சரிக்கையின் அடியில் வந்து உட்கார்ந்தது. அதை அனுப்பிவிட்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

தெருமுனையிலேயே கண்ணில் பட்டது. எங்கள் கொடியில் நாற்பது முயல்கள் காது கீழே தொங்க வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நீங்கதானே மழைன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கன்னு போன் பண்ணீங்க? கசங்கல் போகட்டும்னு லேசாத் தண்ணி தெளிச்சுக் காயப் போட்டேன்."

"இது நிஜ மழைம்மா. வரப்போற மழை."

அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அதற்குள் முதல் துளி அவள் கையிலேயே விழுந்தது. ஆளுக்கு இருபது முயலை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினோம். எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினை இரண்டு பேருமாகத் தூக்கி மேஜை மேல் வைத்தோம். தூக்கும்போது என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

தெருக்கோடியில் கதவுக்காரர் குடையோடு நின்று நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் கொட்டியது. தண்ணீர் எங்கள் வாசற்படி ஓரமாகச் சலசலவென்று ஓடி, ஒரு சொட்டுகூட உள்ளே எட்டிப் பார்க்காமல் போனது. என் மனைவி வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸா சொன்னாங்க?"

"ஆமா."

"மழைக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஏழு வருடத்தில் முதல் முறையாக அவள் கண்ணுக்கு நான் வானிலை அலுவலகத்தில் வேலை பார்ப்பவனாகத் தெரிந்தேன்.

வெள்ளிக்கிழமை முயல்கள் முயல்களாகவே மேடை ஏறின. அந்தப் பள்ளிக்கூடமே அடுத்த நாடகத்துக்கு முப்பது ஒட்டகம் தைக்கச் சொல்லிவிட்டது.

சனிக்கிழமை அலுவலகத்தில் பாராட்டுக் கூட்டம். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"மழையை முன்கூட்டியே சொல்லி நம் பெயரைக் காப்பாற்றிய மழைக் கணக்கை நாம் மறக்கக் கூடாது" என்றார் இயக்குநர். "மைனஸ் இருபது என்கிற கடைசிப் படியில் கிடந்தே அது இவ்வளவு உழைத்திருக்கிறது. மேலே தூக்கிவிட்டால் எவ்வளவு உழைக்கும் என்று யோசியுங்கள். ஆகவே மழைக்குப் பத்தொன்பது வழங்குகிறேன். மைனஸ் இருபது காலியாகிறது. அந்தச் சுமையையும் நானே ஏற்றுக்கொள்கிறேன்."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மேகம் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். இந்த முறை முழுதாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

"ஐயா, சின்ன எண்தான் முதல்ல போகும். பெரிய எண்ணு கடைசியில நிக்கும். மழைக்குப் பத்தொன்பது குடுத்தா பழையபடி மழை பேஞ்சு முடிஞ்சப்புறம்தான் கணக்கு வரும். நீங்க மைனஸ் இருபதுக்குப் போனா உங்க வேலைதான் எல்லாத்துக்கும் முன்னாடி நடக்கும்."

ஒருவரும் குறுக்கே பேசவில்லை. இயக்குநரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"தியாகம் பண்ணினா அதுக்குப் பலன் கிடைக்கத்தானேப்பா செய்யும்?" என்றார்.

இரண்டு பேர் சுவரைப் பார்க்கப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவை உதவிக்கு அழைத்து மெஷினைத் தரையில் இறக்கி வைத்திருந்தாள். அறை முழுக்க ஒட்டகத் துணி விரிந்து கிடந்தது.

"பாராட்டுக் கூட்டமாமே. உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல. மழைக்குப் பதவி உயர்வு குடுத்திருக்காங்க."

"எவ்வளவு?"

"பத்தொன்பது."

எண் விவகாரம் முழுவதும் அவளுக்குத் தெரியும். புதன்கிழமை இரவு சாப்பிடும்போது சொல்லியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். விரித்த துணியைச் சுருட்டி அலமாரி மேல் தூக்கிப் போட்டாள். பிறகு மெஷின் பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள்.